எந்தச் சாரிசார்டு? டெக் கட்டும் முன் பார்க்க வேண்டிய கணக்கு

போகிமான் அட்டை விளையாட்டில் சாரிசார்டை நடுவில் வைத்து ஒரு டெக் (ஆடுவதற்கான அட்டைக் கட்டு) கட்டலாம் என்று உட்காரும் யாரும் முதல் ஐந்து நிமிடத்திலேயே மாட்டிக்கொள்ளும் கேள்வி, எந்தச் சாரிசார்டு என்பதுதான். 1996-ல் ஜப்பானில் இந்த விளையாட்டின் முதல் செட் வந்ததிலிருந்து இந்த ஒரே பிராணிக்கு இஎக்ஸ், மெகா, ஜிஎக்ஸ், விமேக்ஸ், விஸ்டார், ரேடியன்ட் என்று வடிவம் மாற்றி மாற்றி அட்டைகள் வந்துகொண்டே இருக்கின்றன. எல்லாவற்றிலும் அதே சிறகு, அதே வால் நெருப்பு. ஆனால் மேஜையில் வைத்து ஆடும்போது இவை ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத அட்டைகள்.

பெரும்பாலானவர்கள் டேமேஜ் எண்ணைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். 300, 320, 330 என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தால் கண் அங்கேதான் போகும், அது இயல்பு. என் கட்சி வேறு. அடியின் பலம் ஒருநாளும் சாரிசார்டின் பிரச்சினையாக இருந்ததில்லை, அந்த அடிக்கு வேண்டிய எனர்ஜியை யார், எத்தனை முறையில் கொண்டுவந்து சேர்ப்பது என்பதுதான் தொடக்கத்திலிருந்தே இதன் பிரச்சினை. அதற்கு அட்டையிலேயே பதில் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, அது நாக்அவுட் ஆனால் எதிராளி எத்தனை பிரைஸ் அட்டை எடுப்பார் என்று பாருங்கள். டேமேஜ் எண்ணை மூன்றாவதாகப் பார்த்தால் போதும்.

புதிதாக வருகிறவர்களுக்கு அடிப்படையை மட்டும் சொல்லிவிடுகிறேன். டெக்கில் 60 அட்டைகள், ஆளுக்கு 6 பிரைஸ் அட்டைகள், எதிராளியின் போகிமானை வீழ்த்த வீழ்த்தப் பிரைஸ் எடுத்துக்கொண்டே வந்து முதலில் ஆறையும் முடிப்பவர் ஜெயிப்பார். தாக்குதலுக்கு வேண்டிய எனர்ஜி அட்டையைக் கையிலிருந்து ஒரு முறைக்கு (உங்கள் டர்ன் ஒன்றுக்கு) ஒன்றுதான் வைக்கலாம். சாரிசார்டு பெரும்பாலும் ஸ்டேஜ் 2, அதாவது சார்மாண்டர், சார்மீலியன், அதற்கு மேல் சாரிசார்டு என்று ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்ற (எவால்வ் செய்ய) வேண்டும். ஒரு முறைக்கு ஒரு எனர்ஜி, மேலே ஏற இரண்டு படி என்ற இந்த இரண்டு விதிகளும் சேர்ந்துதான் பாதிச் சாரிசார்டுகளை ஆல்பத்திலேயே தங்க வைத்துவிடுகின்றன.

முதல் செட்டில் வந்த சாரிசார்டிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் பிரச்சினையும் அங்கேதான் தொடங்குகிறது. ஆங்கிலத்தில் 1999-ல் வந்தது, 102-ல் 4-ஆம் எண், மிட்சுஹிரோ அரிட்டா வரைந்த படம். எச்பி (எவ்வளவு அடி தாங்கும் என்ற அளவு) 120. ஃபயர் ஸ்பின் என்ற தாக்குதல் 100 டேமேஜ். அந்தக் காலத்து எச்பி அளவுகளுக்கு 100 என்பது கிட்டத்தட்ட எதையும் ஒரே அடியில் சாய்த்துவிடும். ஆனால் அதற்கு நான்கு நெருப்பு எனர்ஜி வேண்டும், அடித்ததும் இரண்டு எனர்ஜி அட்டைகளைக் கழித்துவிட வேண்டும். எனர்ஜி பர்ன் என்ற சக்தி, மேலே இருக்கும் எந்த எனர்ஜியையும் நெருப்பாக மாற்றிக்கொள்ள விடுகிறது, ஆகவே ஒரே அட்டையில் இரண்டு எனர்ஜி தரும் டபுள் கலர்லெஸ் எனர்ஜி இரண்டு வைத்தால் நான்கு நெருப்பு கிடைத்துவிடும். பிரமாதம் என்று தோன்றும். அப்புறம் அட்டையை இன்னொரு முறை படித்துப் பாருங்கள்: கழிக்கச் சொல்வது இரண்டு எனர்ஜி "அட்டைகளை". வைத்திருப்பதே அந்த இரண்டு அட்டைதான். ஒரு அடி அடித்ததும் சாரிசார்டு வெறும் கையோடு நிற்கும்.

இதில் எனர்ஜி ரிமூவல், சூப்பர் எனர்ஜி ரிமூவல் என்ற இரண்டு அட்டைகளும் அதே செட்டில் இருந்தன. மூன்று முறை பாடுபட்டுச் சேர்த்ததை எதிராளி ஒரே அட்டையில் எடுத்துவிடுவார். போதாததற்கு அதே செட்டின் பிளாஸ்டாய்ஸ் வேறு. ரெயின் டான்ஸ் சக்தியால் அது ஒரே முறையில் எத்தனை தண்ணீர் எனர்ஜி வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளும், அதன் ஹைட்ரோ பம்ப் அதிகபட்சம் 60, சாரிசார்டின் பலவீனம் தண்ணீர் என்பதால் இரண்டு மடங்கு, 120. சாரிசார்டின் எச்பி சரியாக 120. அந்தக் காலத்துப் போட்டிகளில் ஹிட்மன்சான், எலெக்டாபஸ், ஸ்கைதர் மாதிரி பேசிக் (எதன் மேலும் ஏற்றாமல் நேராக இறக்கும்) போகிமான்களை வைத்து இரண்டாவது முறையிலிருந்தே அடிக்கும் டெக்குகள் மேலே இருந்ததும் சாரிசார்டு கீழே கிடந்ததும் இதனால்தான். இந்த அட்டையை வாங்குவது என்றால் அது சேகரிப்புக்காக. அப்படி வாங்கும்போது படச் சட்டத்தின் வலப்பக்கம் நிழல் அச்சாகியிருக்கிறதா, முதல் பதிப்பு முத்திரை இருக்கிறதா என்பதெல்லாம் மதிப்பைத் தலைகீழாக மாற்றும். விளையாட என்றால், நண்பர்கள் சேர்ந்து பழைய செட்டுகளை மட்டும் வைத்து ஆடும் ஆட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம், அவ்வளவே. 2021-ல் 25-ஆம் ஆண்டுக்காக வந்த செலிப்ரேஷன்ஸ் செட்டில் இதே அட்டையைத் திரும்ப அடித்தார்கள். கையில் வைத்து ஆசைப்பட்டுப் பார்க்க அது போதும்.

நடுவில் வந்தவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். 2014-ல் ஃபிளாஷ்ஃபயர் செட்டில் மெகா சாரிசார்டு இஎக்ஸ் இரண்டு வகையாக வந்தது, இரண்டுமே 300 அடிக்கும். ஒன்று அடிக்கும்போது உங்கள் டெக்கின் மேலிருந்து ஐந்து அட்டைகளைக் கழிக்கச் சொல்லும், இன்னொன்று தனக்கே 50 டேமேஜ் போட்டுக்கொள்ளும். அதை விடப் பெரிய சங்கடம், அன்றைய விதிப்படி மெகாவாக மாற்றியதுமே உங்கள் முறை முடிந்துவிடும். 2017-ல் பர்னிங் ஷாடோஸ் செட்டில் வந்த சாரிசார்டு ஜிஎக்ஸ் 250 எச்பி, 300 டேமேஜ், கேட்கும் எனர்ஜி ஐந்து, கழிப்பது மூன்று. வானவில் நிறத்தில் வந்த அதன் பதிப்பைத் தேடி அலைந்தவர்கள் ஏராளம். டெக்கில் போட்டு ஆடியவர்கள் குறைவு. இரண்டிலும் எனர்ஜி எங்கிருந்து வரும் என்பதற்கு அட்டையில் பதில் இல்லை.

பதிலோடு வந்த முதல் பெரிய சாரிசார்டு என்று நான் சொல்வது 2019-ல் அன்புரோக்கன் பாண்ட்ஸ் செட்டில் வந்த ரெஷிராம் அண்ட் சாரிசார்டு ஜிஎக்ஸ். இரண்டு போகிமான் ஒரே அட்டையில். எச்பி 270, அதுவும் பேசிக், எவால்வ் செய்யும் வேலையே கிடையாது. பதில் அதன் மேலே எழுதியிருக்கவில்லை, ஆனால் அதே செட்டில் கூடவே வந்தது: வெல்டர் என்ற சப்போர்ட்டர் (உதவியாளர் அட்டை). கையிலிருந்து இரண்டு நெருப்பு எனர்ஜி வரை வை, வைத்தால் மூன்று அட்டை எடுத்துக்கொள். வழக்கமாக வைக்கும் ஒன்றையும் சேர்த்தால் ஒரே முறையில் மூன்று எனர்ஜி. ஃபிளேர் ஸ்டிரைக்குக்கு வேண்டியது நான்கு, அடி 230. அடுத்த முறை அதே தாக்குதலைப் போட முடியாது என்பது தடைதான், ஆனால் ஆட்டத்துக்கு ஒரு தடவை மட்டும் போடக்கூடிய டபுள் பிளேஸ் அந்த இடைவெளியை நிரப்பிவிடும், மூன்று எனர்ஜிக்கு 200, கூடுதலாக இன்னும் மூன்று இருந்தால் 300.

இதன் பலவீனம் பிரைஸ் கணக்கில் இருக்கிறது. டேக் டீம் (இரண்டு போகிமான் சேர்ந்த அட்டை) என்பதால் வீழ்ந்தால் மூன்று பிரைஸ் போய்விடும். இரண்டு தடவை வீழ்ந்தால் ஆட்டமே முடிந்தது. அன்று பல டெக்குகளும் மூன்று பிரைஸ் போகிமானை வைத்து ஆடியதால் அது பெரிதாகத் தெரியவில்லை. பழைய அட்டைகளையும் அனுமதிக்கும் எக்ஸ்பாண்டட் வடிவத்தில் ஆடுகிறவர்களுக்கு இன்றும் நல்ல தேர்வு, வெல்டர் நான்கு கையில் இருந்தால் மட்டும். வெல்டர் இல்லாமல் இந்த அட்டையைத் தனியாக வாங்காதீர்கள்.

2020-ல் டார்க்னஸ் அபிளேஸ் செட்டில் விமேக்ஸ் வந்தது. எச்பி 330, ஜி-மேக்ஸ் வைல்ட்ஃபயர் 300. வீழ்ந்தால் இதுவும் மூன்று பிரைஸ், தாக்குதலுக்கு ஐந்து எனர்ஜி, இரண்டைக் கழிக்க வேண்டும். அட்டையைப் பார்த்தால் மிரட்டலாக இருக்கும், ஆட்டத்தில் இதைத் தயார் செய்வதற்குள் எதிராளி பாதி வழி போயிருப்பார்.

விஸ்டாரை நான் அவ்வளவு சுலபமாகத் தள்ள மாட்டேன். 2022-ல் பிரில்லியன்ட் ஸ்டார்ஸ் செட்டில் வந்தது, எச்பி 280, வீழ்ந்தால் இரண்டு பிரைஸ்தான். ஆட்டத்துக்கு ஒரு முறை போடும் ஸ்டார் பிளேஸ் 320 அடிக்கும், எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசினார்கள். எனக்குப் பிடித்தது இன்னொரு தாக்குதல். எக்ஸ்புளோசிவ் ஃபயர் 130, ஆனால் சாரிசார்டின் மேல் ஏற்கனவே டேமேஜ் இருந்தால் இன்னும் 100 சேரும். அதே செட்டில் மேக்மா பேசின் என்ற ஸ்டேடியம் (மேஜையில் இருந்து இருவருக்கும் பயன்படும் அட்டை) உண்டு: கழிந்த குவியலிலிருந்து ஒரு நெருப்பு எனர்ஜியை எடுத்து பெஞ்சில் (பின்வரிசையில்) இருக்கும் நெருப்புப் போகிமானுக்கு வை, வைத்ததும் அதன் மேல் இரண்டு டேமேஜ் கவுன்ட்டர் (காயத்தைக் குறிக்கும் வில்லை) போடு. எனர்ஜியும் வந்தது, 130-ஐ 230 ஆக்கும் காயமும் தானாக வந்தது. இரண்டு அட்டைகளையும் சேர்த்து யோசித்துச் செய்திருக்கிறார்கள் என்பது ஆடும்போது தெரியும். குறை என்னவென்றால் வேகம் போதாது, ஒரு முறைக்கு ஒரு எனர்ஜி கூடுதலாக வருவதை வைத்து அன்றைய வேகமான டெக்குகளோடு ஓட முடியவில்லை.

அதே 2022-ல் போகிமான் கோ செட்டில் ரேடியன்ட் சாரிசார்டு வந்தது. இந்தப் பட்டியலில் இருப்பதிலேயே புத்திசாலித்தனமான அட்டை என்றால் என் ஓட்டு இதற்குத்தான். பேசிக், எச்பி 160, வீழ்ந்தால் ஒரே ஒரு பிரைஸ். கம்பஸ்டன் பிளாஸ்ட் 250 அடிக்கும், விலை ஐந்து எனர்ஜி: ஒரு நெருப்பு, எதுவாகவும் இருக்கக்கூடிய நான்கு. அதோடு எக்சைட்டட் ஹார்ட் என்ற திறன், எதிராளி எடுத்த ஒவ்வொரு பிரைஸுக்கும் அந்த எதுவாகவும் இருக்கக்கூடியவற்றில் ஒன்றைக் குறைத்துவிடும். அவர் நான்கு பிரைஸ் எடுத்துவிட்டார் என்றால் ஒரே ஒரு நெருப்பு எனர்ஜிக்கு 250. எனர்ஜியைத் தேடிக் கொண்டுவருவதற்குப் பதிலாக, தேவையையே குறைத்துவிட்டார்கள். ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் பெஞ்சில் இறக்கி, ஒரு எனர்ஜி வைத்து, முன்னால் கொண்டுவந்து எதிராளியின் பெரிய போகிமானைச் சாய்த்துவிட்டு, பதிலுக்கு ஒரே பிரைஸ் கொடுக்கும் அட்டை. அடுத்த முறை அதே தாக்குதலைப் போட முடியாது என்பதை மறக்க வேண்டாம், டெக்குக்கு ஒரு ரேடியன்ட் போகிமான்தான் அனுமதி என்பதையும். ஆகவே இதை நடுவில் வைத்து டெக் கட்ட முடியாது, வேறு ஒரு நெருப்பு டெக்கில் ஒரு இடம் கொடுக்கலாம்.

இப்போது உண்மையான போட்டிக்கு வருவோம். 2023-ல் ஒரு மாத இடைவெளியில் இரண்டு சாரிசார்டு எக்ஸ் வந்தன. ஆகஸ்ட்டில் அப்சிடியன் ஃபிளேம்ஸ் செட்டில் ஒன்று, செப்டம்பரில் 151 செட்டில் ஒன்று. பெயர் ஒன்று, எச்பி இரண்டுக்கும் 330, இரண்டுமே ஸ்டேஜ் 2, வீழ்ந்தால் இரண்டு பிரைஸ். இவ்வளவு ஒத்துப்போனதால்தான் குழப்பமே.

அப்சிடியன் சாரிசார்டு டெரா என்ற சிறப்பு வடிவம். நெருப்புப் பிராணிதான், ஆனால் இந்த அட்டையில் அதன் வகை இருள். படத்தில் உடம்பு பளிங்கு மாதிரி மின்னும், தலைக்கு மேல் கிரீடம். பர்னிங் டார்க்னஸ் என்ற தாக்குதலுக்கு இரண்டு நெருப்பு எனர்ஜி போதும், அடி 180, எதிராளி எடுத்த ஒவ்வொரு பிரைஸுக்கும் 30 கூடும். எதையும் கழிக்க வேண்டாம், அடுத்த முறையும் அப்படியே அடிக்கலாம். இதன் உயிர்நாடி இன்ஃபர்னல் ரெய்ன் என்ற திறன்: கையிலிருந்து இதை வைத்து எவால்வ் செய்யும்போது டெக்கிலிருந்து மூன்று அடிப்படை நெருப்பு எனர்ஜி வரை தேடி எடுத்து, உங்கள் போகிமான்களுக்கு இஷ்டப்படி பங்கிட்டு வைக்கலாம்.

இது எப்படி நடக்கும் என்று ஒரு முறையை மட்டும் பார்ப்போம். முதல் முறையில் பெஞ்சில் சார்மாண்டர் இறக்கியாகிவிட்டது, அதன் மேல் எனர்ஜி ஒன்றும் இல்லை. இரண்டாவது முறை, கையில் ரேர் கேண்டி, சாரிசார்டு எக்ஸ். ரேர் கேண்டி சார்மீலியனைத் தாண்டி நேராகச் சாரிசார்டுக்கு ஏற்றிவிடும். ஏறிய கணமே டெக்கிலிருந்து மூன்று நெருப்பு. இரண்டை அதற்கே வைக்கிறீர்கள், மூன்றாவதைப் பெஞ்சில் நிற்கும் இன்னொரு சார்மாண்டருக்கு. கையிலிருந்து எனர்ஜி வைக்கும் உரிமை இன்னும் மிச்சம், அதைக் கொண்டு முன்னால் நிற்பவரைப் பின்வாங்கச் செய்தால் சாரிசார்டு முன்னே வந்து அதே முறையில் 180 அடிக்கிறது. ஒன்றும் இல்லாத ஒரு சார்மாண்டரிலிருந்து அடிக்கும் சாரிசார்டு வரை, ஒரே முறை. முதல் செட்டில் எத்தனையோ முறை காத்திருந்து, நடுவில் எனர்ஜி ரிமூவலுக்குப் பலி கொடுத்து வாங்கிய அடியை இங்கே இரண்டே அட்டைகளில் வாங்கிவிடுகிறோம்.

180 என்பது தொடக்கத்தில் கொஞ்சம் குறைவுதான், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு பிரைஸ் கொடுக்கும் பேசிக் எக்ஸ் போகிமான்களில் பல 210-லிருந்து 240 எச்பி வரை இருப்பவை. எதிராளி ஒரு பிரைஸ் எடுத்தால் 210, இரண்டு எடுத்தால் 240, மூன்றுக்கு 270, நான்குக்கு 300, ஐந்துக்கு 330. ஆகவே இந்த டெக்கை ஆடத் தெரிந்தவர்கள் தொடக்கத்தில் ஒரு பிரைஸ் போவதைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை, சார்மாண்டர் ஒன்றோ பிட்ஜி (பிட்ஜியாட்டின் முதல் படி) ஒன்றோ போனால் போகட்டும் என்று விட்டுவிடுவார்கள். அந்த ஒரு பிரைஸ் 180-ஐ 210 ஆக்குகிறது. எதிராளி ஜெயிக்க ஜெயிக்க உங்கள் அடி கூடுகிறது. அதிலும் அயோனோ என்ற சப்போர்ட்டர் சேர்ந்தால்: இருவரும் கையை டெக்கின் அடியில் வைத்துவிட்டு, அவரவர் பிரைஸ் எத்தனை மிச்சம் இருக்கிறதோ அத்தனை அட்டை எடுக்க வேண்டும். எதிராளிக்கு ஒரே பிரைஸ் மிச்சம் என்றால் அவர் கையில் ஒரே அட்டை, எதிரே 330 அடிக்கும் சாரிசார்டு. உங்களுக்கு மூன்று பிரைஸ் மிச்சம் இருந்தாலும் அங்கிருந்து திரும்பி வர முடியும். அதே செட்டில் வந்த பிட்ஜியாட் எக்ஸ் ஒன்று பெஞ்சில் இருந்தால், ஒவ்வொரு முறையும் டெக்கிலிருந்து வேண்டிய எந்த அட்டையையும் எடுத்துக்கொள்ளலாம், ஆகவே அயோனோவில் உங்கள் கையும் சுருங்குகிறதே என்ற பயமும் இல்லை.

பலவீனம் இல்லாமல் இல்லை. இதற்குப் பலவீனம் புல். டீல் மாஸ்க் ஓகர்பான் எக்ஸ் எதிரே வந்தால் கவனமாக இருங்கள். அதன் தாக்குதல் 30, அதோடு முன்னால் நிற்கும் இரண்டு போகிமான் மேலும் இருக்கும் ஒவ்வொரு எனர்ஜிக்கும் 30. ஓகர்பான் மேல் மூன்று, உங்கள் சாரிசார்டு மேல் இரண்டு என்றால் 180, இரண்டு மடங்காகி 360. சாரிசார்டு காலி. அந்த ஆட்டத்தில் மூன்றாவது எனர்ஜியைச் சாரிசார்டு மேலேயே வைக்கும் பழக்கம் வினையாகிவிடும். இன்னொன்று, டெரா என்பதால் பெஞ்சில் இருக்கும்வரை தாக்குதல் டேமேஜ் எதுவும் இதன் மேல் விழாது, ஆனால் டிராகபல்ட் எக்ஸின் ஃபேன்டம் டைவ் பெஞ்சில் போடுவது டேமேஜ் இல்லை, டேமேஜ் கவுன்ட்டர். அதை டெரா தடுக்காது. இந்த வித்தியாசம் தெரியாமல் தோற்ற ஆட்டங்கள் நிறைய நடந்திருக்கும்.

மறுபக்கம் இருள் வகை என்பதால் கார்டெவாயர் எக்ஸ் மாதிரி இருளுக்குப் பலவீனமானவற்றை எதிர்த்து முதல் அடியே 360, அதன் எச்பி 310. எதிராளி ஒரு பிரைஸ்கூட எடுக்காதபோதே இரண்டு பிரைஸ் உங்கள் கையில்.

சரி, 151 சாரிசார்டு. படம் பிடித்து வாங்குகிறவர்கள் இதைத்தான் வாங்குகிறார்கள், 199-ஆம் எண்ணில் வரும் முழுப்படப் பதிப்பைப் பார்த்தால் காரணம் கேட்கத் தோன்றாது. வகை நெருப்பு, பார்க்கவும் நாம் அறிந்த சாரிசார்டாகவே இருக்கிறது. எக்ஸ்புளோசிவ் வார்டெக்ஸ் 330 அடிக்கும், எதிராளி பிரைஸ் எடுத்தாரா இல்லையா என்று காத்திருக்க வேண்டாம், இரண்டாவது முறையிலும் 330, கடைசியிலும் 330. காகிதத்தில் அப்சிடியனை விட மேல். ஆனால் அதற்கு நான்கு நெருப்பு, அடித்ததும் மூன்றைக் கழிக்க வேண்டும், கொண்டுவந்து சேர்க்க அட்டையில் ஒரு வரிகூட இல்லை. 1999-ல் இருந்த அதே சிக்கல், எண் மட்டும் 100-லிருந்து 330 ஆகியிருக்கிறது.

இன்னொரு தாக்குதலான பிரேவ் விங் 60 அடிக்கும், தன் மேல் காயம் இருந்தால் 160. விஸ்டாருக்குச் சொன்ன மேக்மா பேசின் இதற்கும் பொருந்தும், நெருப்புக்குப் பலவீனமான ஓகர்பான் எதிரே நின்றால் 160 என்பது 320, அதன் 210 எச்பிக்குத் தாராளம். அந்த மாதிரி ஆட்டங்களில் இது ஜொலிக்கும். ஆனால் தண்ணீர் பலவீனம் திரும்ப வந்துவிட்டது. சியென்-பாவ் எக்ஸ் கழிக்கும் ஒவ்வொரு தண்ணீர் எனர்ஜிக்கும் 60 அடிக்கிறது. அப்சிடியனைச் சாய்க்க அதற்கு ஆறு எனர்ஜி வேண்டும், 151-ஐச் சாய்க்க மூன்றே போதும். ஒரே எச்பி, பாதி விலை.

இரண்டையும் சேர்த்துப் போடலாமே என்று கேட்பார்கள். போடலாம். இன்ஃபர்னல் ரெய்ன் தரும் மூன்று எனர்ஜியைப் பெஞ்சில் இருக்கும் 151 சாரிசார்டுக்கும் வைக்கலாம். ஆனால் இரண்டும் பெயரில் "சாரிசார்டு எக்ஸ்" என்பதால் சேர்த்துத்தான் நான்கு அட்டை வரம்பு. மூன்று அப்சிடியன், ஒரு 151 என்பதுவரை எனக்குச் சரியாகப் படுகிறது. அதற்கு மேல் 151-ஐக் கூட்டினால், எனர்ஜி கொண்டுவரும் கையை வெட்டி, எனர்ஜி தின்னும் வாயைக் கூட்டியதாகிவிடும்.

2025 நவம்பரில் பேன்டாஸ்மல் ஃபிளேம்ஸ் செட்டில் வந்த மெகா சாரிசார்டு எக்ஸ் எக்ஸ் பற்றியும் சொல்ல வேண்டும், இங்கே "எக்ஸ்" இரண்டு முறை வரும், பெயரே வேறு, ஆகவே நான்கு அட்டை வரம்பும் தனி. எச்பி 360. உங்கள் போகிமான்கள் மேல் இருக்கும் நெருப்பு எனர்ஜியில் எத்தனை வேண்டுமானாலும் கழித்து, ஒவ்வொன்றுக்கும் 90 அடிக்கலாம். நான்கு கழித்தால் 360, எதிரே நிற்கும் கிட்டத்தட்ட எதையும் சாய்த்துவிடும் அளவு. அடித்த பிறகு மேஜையே காலியாகிவிடும், வீழ்ந்தால் மூன்று பிரைஸ். பிடித்தமான அட்டைதான், ஆனால் தனியாக நிற்காது. எனர்ஜியைத் திரும்பத் திரும்ப ஏற்றிவிட இன்னொருவர் கூடவே வேண்டும்.

வாங்கும்போது அட்டையின் கீழ் ஓரத்தில் இருக்கும் சிறிய எழுத்தைப் பாருங்கள். விமேக்ஸில் டி, விஸ்டாரிலும் ரேடியன்ட்டிலும் எஃப், 2023-ன் இரண்டு எக்ஸிலும் ஜி. அண்மைக்கால அட்டைகளை மட்டும் அனுமதிக்கும் ஸ்டாண்டர்டு போட்டியில் எந்த எழுத்துகள் செல்லும் என்பது ஆண்டுதோறும் மாறும், நீங்கள் ஆடப்போகும் போட்டியில் அந்த எழுத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்த்த பிறகே காசை எடுங்கள். இன்னொன்று, அப்சிடியன் சாரிசார்டு பிறகு பால்டியன் ஃபேட்ஸ் செட்டிலும் வந்தது. படம்தான் வேறு, எழுத்து அதேதான், ஆட்டத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. மலிவாகக் கிடைப்பதை டெக்குக்கு எடுத்துக்கொண்டு, மின்னுவதை உறையில் வையுங்கள்.

ஆக, விளையாடத்தான் வாங்குகிறேன் என்பவருக்கு என் பதில் அப்சிடியன் சாரிசார்டு எக்ஸ், இரண்டாவது யோசனையே வேண்டாம். எஃப் எழுத்து செல்லும் இடத்தில் ஆடுகிறீர்கள் என்றால் கூடவே ரேடியன்ட் ஒன்று. வீட்டில் நண்பர்களோடு மட்டும், பெரிய அடி அடித்துப் பார்க்கும் சந்தோஷத்துக்கு என்றால் 151 நல்ல அட்டை, அந்த 330 மேஜையில் விழும்போது கிடைக்கும் திருப்தியே தனி. வெல்டர் கையில் இருப்பவர்கள் ரெஷிராமை எடுங்கள். முதல் செட் சாரிசார்டு ஆசைக்கு.

அப்சிடியனை எடுத்தவர்களுக்குத் தொடங்க ஒரு அளவு: சார்மாண்டர் மூன்றோ நான்கோ, சார்மீலியன் ஒன்று, சாரிசார்டு எக்ஸ் மூன்று, பிட்ஜி இரண்டு, பிட்ஜியாட் எக்ஸ் இரண்டு, ரேர் கேண்டி நான்கு. சார்மீலியன் எதற்கு, ரேர் கேண்டிதான் இருக்கிறதே என்று அதை எடுத்துவிடாதீர்கள், எதிராளி ரேர் கேண்டி மாதிரி பொருள் (ஐட்டம்) அட்டைகளை முடக்கும் நாளில் அந்த ஒன்றுதான் சாரிசார்டை மேலே ஏற்றும். நெருப்பு எனர்ஜி ஆறுக்குக் கீழே இறங்க வேண்டாம். இரண்டு முறை இன்ஃபர்னல் ரெய்ன் போட்டால் ஆறும் போய்விடும், நடுவில் ஒன்றிரண்டு பிரைஸில் மாட்டிக்கொண்டால் இரண்டாவது சாரிசார்டு ஏறும்போது டெக்கில் தேட ஒன்றும் இருக்காது, ஆகவே கழிந்த எனர்ஜியைத் திரும்ப டெக்கில் சேர்க்கும் சூப்பர் ராட் ஒன்றையும் சேர்த்தே போடுங்கள்.